கொழுந்து நிறுவையும் கேஸ் ஷீட்டும்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் மின்விசிறி இருக்காது. மே மாதத்திலும் ராத்திரிக்குக் கம்பளி தேடுகிற கோத்தகிரியில் விசிறி எதற்கு? 2009 நவம்பர் வரை அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

அந்த மழையை நீலகிரிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குன்னூர், கேத்தி, கோத்தகிரி என்று திரும்பிய பக்கமெல்லாம் மண்சரிவு. ரோடு இல்லை, கரண்ட் இல்லை. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம், இப்போதும் உடம்புக்கு முடியாவிட்டால் அங்கேதான் போகிறேன்) வார்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம், சரிவை ஒட்டித் தகரக் கூரை போட்ட அறை ஒன்று உண்டு. தண்ணீர் அதற்குள் வந்துவிட்டது. அதுதான் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ். என் அறை.

ஃபைல்களை நாங்கள் வருஷப்படி அடுக்குவதில்லை. நோயாளி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை வைத்து அடுக்குவோம். 04-37-62 என்றால் 62-ஆம் ரேக். புது ஃபைல்கள் ஒரே மூலையில் குவியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் உள்ள வழக்கம் இது. அதனால், சரிவுப் பக்கச் சுவரோரம் இருந்த ரேக்குகள் நனைந்தபோது, எந்த வருஷம் வந்தவர், என்ன நோய் என்ற பேதமில்லாமல் 80-க்கு மேல் முடிகிற எல்லோரும் நனைந்தார்கள்.

காய வைக்க வெயில் இல்லை, விசிறியும் இல்லை. ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில், ஆபரேஷன் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்கிற ஆட்டோகிளேவ் அறை மட்டும் சூடாக இருக்கும். தியேட்டர் சிஸ்டரிடம் கெஞ்சி அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டினோம். துணி க்ளிப் போட்டு ஒவ்வொரு தாளாகத் தொங்கவிட்டோம். நானும் ஒரு அட்டெண்டர் அண்ணனும், ஒன்பது நாள். நர்ஸுகள் பால்பாயிண்டில் எழுதியதெல்லாம் சேதமில்லாமல் இருந்தது. எங்கள் சீனியர் சர்ஜன் மசிப் பேனாக்காரர். அவர் ஆபரேஷன் நோட்ஸ் எழுதிய பக்கங்களில் எழுத்து இல்லை, நீல மேகம்தான் இருந்தது.

அதே 2009 ஜூலையில்தான் அரசு கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. க்ளெயிம் என்ற சொல் மலையில் எல்லார் வாயிலும் புழங்க ஆரம்பித்த காலம். ஜனவரியில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அரசுத் திட்டம் இல்லை, சொந்தமாக இன்ஷூரன்ஸ் வைத்திருந்த ஒருவரின் பித்தப்பை ஆபரேஷன். ஆபரேஷன் நோட்ஸ் நகல் அனுப்பவும், அதன் பிறகே பணம் என்று போட்டிருந்தார்கள். எண்ணைப் பார்த்தேன். 91-இல் முடிந்தது.

ஆபரேஷன் நடந்தது எல்லாருக்கும் தெரியும். வயிற்றில் தழும்பு இருக்கிறது, பயாப்சி ரிப்போர்ட் இருக்கிறது, அந்த மனுஷர் நன்றாகத் தேறி மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். தாள்தான் இல்லை. "நான் வேணும்னா திரும்ப எழுதித் தந்துடறேனே" என்றார் சர்ஜன், பாவம், நல்ல எண்ணத்தில்தான். பழைய தேதி போட்டு எழுதினால் அது பொய்ப் பத்திரம் சார் என்றேன். கடைசியில் அன்றைய தேதியே போட்டு, முந்தைய பதிவு மழையில் அழிந்தது என்று குறிப்பிட்டு எழுதினார். பணம் வந்தது, கழித்துக்கொண்டு. அந்த வாரம்தான் எங்கள் நிர்வாக அலுவலர் என் அறைக்கு முதல் தடவையாக வந்தார். வழி தெரியாமல் லாண்டரிக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார்.

இந்தக் கதையை என் அக்கா பெண்ணிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவள் மெல்பர்னில், லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் கோடராக இருக்கிறாள். கேஸ் ஷீட்டைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் வைத்தியத்துக்கும் உரிய குறியீட்டு எண்ணை, அதாவது கோடை (code), போடுகிறவர்தான் கோடர். போன வாரம் பேசும்போது சிரித்தாள். "ஒரு க்ளெயிமுக்காக நீங்க கொடி கட்டினீங்க சித்தி. இங்க ஆஸ்பத்திரியே அந்தக் கொடியிலதான் தொங்குது."

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். முன்பெல்லாம் அங்கேயும் நம் ஊர் மாதிரிதான்: போன வருஷம் இவ்வளவு செலவு, இந்த வருஷம் கொஞ்சம் கூட்டிப் போட்டு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை. விக்டோரியா மாநிலம் 1993 ஜூலையில் அதை மாற்றியது. 2012 ஜூலையிலிருந்து நாடு முழுக்க மாறிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரி எத்தனை பேருக்கு, எந்த மாதிரி வைத்தியம் செய்ததோ அதற்கு ஏற்பப் பணம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எடை உண்டு. சராசரி நோயாளி என்றால் எடை ஒன்று. மாற்று இதயம் வைத்தவருக்கு அதைப் போலப் பல மடங்கு, ஒரு நாள் வந்து போனவருக்கு ஒன்றுக்கும் கீழே. அந்த எடைக்கு நாடு முழுவதற்கும் ஒரே விலை. முதல் வருஷம், அதாவது 2012-13-இல், 4,808 ஆஸ்திரேலிய டாலர். எடையை விலையால் பெருக்கினால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய தொகை. செயல்பாட்டு அடிப்படையிலான நிதி என்கிறார்கள்.

இந்த யோசனையின் வேர் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் என்று இரண்டு பேர். ஃபெட்டர் தொழிற்சாலை நிர்வாகத்தில் தேர்ந்தவர். தாம்சன் நர்ஸாக ஆரம்பித்து ஆஸ்பத்திரி நிர்வாகம் கற்பிக்கப் போனவர். தொழிற்சாலை என்றால் என்ன பொருள் செய்கிறது என்று சொல்லலாம், ஆஸ்பத்திரி என்ன பொருள் செய்கிறது என்பது அவர்கள் கேள்வி. செலவிலும் நோயிலும் ஒன்றுபோல இருக்கிறவர்களை ஒரே கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். டி.ஆர்.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். ஆரம்பத்தில் அது தரத்தைக் கவனிப்பதற்கும் செலவைப் புரிந்துகொள்வதற்கும்தான். 1980-இல் நியூஜெர்சியும் 1983-இல் முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரும் அதையே பணம் கொடுக்கும் அளவுகோலாக்கின.

எனக்கு இதைக் கேட்டதும் அப்பா ஞாபகம் வந்தது. அவர் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. சாயங்காலம் நிறுவை. பெண்கள் வரிசையாக நின்று கொழுந்துச் சாக்கை இறக்குவார்கள், அவர் தராசைப் பார்த்து நோட்டில் ஏற்றுவார். மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கும், அதற்கு ஒரு கழிவு. முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கு ஒரு கழிவு. எவ்வளவு கழிப்பது என்பது அவர் கண்ணில் இருக்கிறது. வாயாடுகிற பெண்ணுக்குக் கழிவு குறையும், பேசாமல் நிற்பவளுக்குக் கூடும். "தராசுல ஒண்ணு, நோட்டுல ஒண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் எனக்கு அப்பா மேல் அவமானமாக இருக்கும். பிறகு நான் பார்த்த வேலையும் நோட்டில் ஏற்றுகிற வேலைதான். யாருடைய கூலி எங்கே தொலைகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு ஃபைலைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா, ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர். இருமல், மூச்சுத் திணறல். ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியை ட்யூட்டி முடிகிற நேரத்தில் ஒரு சின்ன டாக்டர் எழுதியிருக்கிறார். மூன்று வரி: நிமோனியா, ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது, நலமாக வீடு திரும்பினார்.

நிமோனியாவுக்கு ஒன்பது நாள் எதற்கு? உள்ளே புரட்டினால் தெரியும். லேப் தாளில் முதல் நாள் கிரியாட்டினின் 0.9, மூன்றாம் நாள் 2.6. ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் தடுமாறுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஒரு மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள், இன்னொன்றின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். ட்ரிப்ஸ் கணக்கு, சிறுநீர் அளவு எல்லாம் மணிக்கு மணி நர்ஸ் எழுதியிருக்கிறார். இன்சுலின் சார்ட் தனியாக இரண்டு பக்கம். நான்காம் நாள் ராத்திரி நர்ஸ் குறிப்பில் "இடுப்புக்குக் கீழ் புண்" என்று ஒரு வரி. சிறுநீரகம் ஒரு வாரம் ஆட்டம் கண்டு திரும்பியிருக்கிறது. சம்மரியில் அதற்கு ஓர் எழுத்து இல்லை. சர்க்கரையும் இல்லை, புண்ணும் இல்லை.

இதைப் பெயர், ஊர் இல்லாமல் அக்கா பெண்ணிடம் வாயால் சொல்லி, உங்கள் ஊரில் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர்கள் ஊரில் சுவாசத் தொற்றுகளுக்கு இ62 என்று ஒரு கட்டு. அதில் சிக்கல் அதிகமானால் இ62ஏ, இல்லாவிட்டால் இ62பி. சம்மரி மட்டும் இருந்தால் இந்த அம்மா பி. சிறுநீரகப் பாதிப்பு, சர்க்கரை எல்லாம் கோடில் ஏறினால் கணக்குப் போடும் மென்பொருள் ஏ-வுக்குத் தூக்கக்கூடும். எடை மாறும், பணம் மாறும்.

சரி, லேப் தாளில்தான் 2.6 இருக்கிறதே, நீயே ஏற்றிவிடலாமே என்றேன். கூடாதாம். எண்ணைப் பார்த்துக் கோடர் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. டாக்டர் எழுத வேண்டும், அந்த நோய்க்காகச் சிகிச்சை மாறியிருக்க வேண்டும் அல்லது சோதனை செய்திருக்க வேண்டும் அல்லது கூடுதல் கவனிப்பு கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் கோடு. டாக்டர் எழுதவில்லை என்றால் அவருக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பலாம். அதிலும் "சிறுநீரகப் பாதிப்பு என்று எழுதுங்கள்" என்று கேட்கக் கூடாது. "மூன்றாம் நாள் கிரியாட்டினின் 2.6, மருந்து மாற்றப்பட்டது, இது எதற்காக?" என்று மட்டும் கேட்கலாம். டாக்டர் அதற்குள் வேறு வார்டுக்கோ வேறு ஊருக்கோ மாறிப் போயிருப்பார். பதில் வராத கேள்விகள் சேரும், கணக்கு அனுப்பவேண்டிய கெடு வந்துவிடும், வந்த வரைக்கும் கோடு போட்டு அனுப்புவார்கள். பேசாமல் நிற்கிற பெண்ணின் கதைதான்.

புண் விஷயம் இன்னும் சிக்கல். ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு உண்டான சில சிக்கல்களுக்கு அங்கே 2018 ஜூலையிலிருந்து பணத்தைக் குறைக்கிறார்கள். ஆழமான படுக்கைப் புண் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு கோடுக்கும் பக்கத்தில் இது வரும்போதே இருந்ததா, உள்ளே வந்ததா என்று ஓர் அடையாளம் போட வேண்டும். நோக்கம் நல்லதுதான். ஆனால் நம் அம்மாவின் ஃபைலில் அட்மிஷன் அன்றைக்குத் தோலைப் பார்த்து எழுதவேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. வீட்டிலேயே ஒரு வாரம் படுத்துக் கிடந்து புண்ணோடு வந்தாரா, எங்கள் மெத்தையில் வந்ததா? யாருக்கும் தெரியாது. நர்ஸ் நேர்மையாக எழுதிய ஒரு வரி ஆஸ்பத்திரிக்கு எதிராகப் போகும். இப்படி இருந்தால் நாளைக்கு எந்த நர்ஸுக்கு எழுதக் கை வரும்? இந்த முறையில் எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எழுதினால் பணம் என்று தெரிந்துவிட்டால் எழுத்து தானாகப் பெருகும். மெடிகேர் இந்த முறைக்கு வருவதற்கு முன்பே, 1981-இல், டொனால்ட் சிம்போர்க் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு "டி.ஆர்.ஜி. க்ரீப்" என்று பெயர் வைத்துவிட்டார். நோயாளிகள் அதே நோயாளிகள்தான், ஏட்டில் மட்டும் வருஷா வருஷம் நோய் முற்றிக்கொண்டே போகும். கணினியில் நேற்றைய குறிப்பை அப்படியே நகலெடுத்து இன்றைக்கு ஒட்டுகிற வசதி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். நோயாளியிடமிருந்து எடுத்துவிட்ட கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) குறிப்பில் மட்டும் மூன்று நாள் கூடுதலாக இருக்கும். அதனால் தணிக்கை, தணிக்கைக்கு ஆள், அந்த ஆளுக்குப் பதில் சொல்ல இன்னொரு ஆள். அக்கா பெண்ணின் ஆஸ்பத்திரியில் கோடர் கிடைப்பதே பாடாக இருக்கிறதாம்.

நம் ஊருக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்தது. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் இதன் வழியே பணம் வருகிறது. இது டி.ஆர்.ஜி. இல்லை, பேக்கேஜ். இந்த ஆபரேஷன் என்றால் இந்தத் தொகை. மத்தியத் திட்டத்தில் ஆபரேஷன் இல்லாத வைத்தியங்கள் பலவற்றுக்கு எந்த வகை வார்டு, எத்தனை நாள் என்று நாள் கணக்கு. கூடவே சர்க்கரையும் சிறுநீரகமும் ஆட்டம் போட்டால் அதைச் சொல்ல இடமே சிறியது. 2022-இல் ஐந்து மாநிலங்களில் டி.ஆர்.ஜி. முறையைச் சோதித்துப் பார்க்கப்போவதாக அறிவித்தார்கள். கேரளா உண்டு, நாம் இல்லை. கூடலூரிலிருந்து பஸ் ஏறினால் எல்லைக்கு அந்தப் பக்கம்.

நமக்கும் வரும் என்றுதான் நினைக்கிறேன். வரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடினமான நோயாளியைப் பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம் என்பது நியாயம்தான். ஆனால் மலைக்கு வரும்போது இரண்டு விஷயத்தைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஒன்று, ஆஸ்திரேலியாவில் சின்னக் கிராமப்புற ஆஸ்பத்திரிகளை இந்த எடைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு மொத்தத் தொகைதான். பிரசவம் வந்தாலும் வராவிட்டாலும் ராத்திரி ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்க வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் அந்த ஆஸ்பத்திரி மூடிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எடைக்குள் வருகிற பெரிய ஆஸ்பத்திரிகளிலும் தொலைதூரத்திலிருந்து வந்தவருக்கும் பூர்வகுடி நோயாளிக்கும் கூடுதல் எடை உண்டு. நம் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 700 படுக்கையோடு புது ஆஸ்பத்திரி வந்திருக்கிறது, நல்லது. ஆனால் பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து (பாடி என்பார்கள்) அங்கே போய்ச் சேருவதும் ஒரு செலவு.

இன்னொன்று, நோயைப் பற்றியது. இந்தியாவில் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பது முதன்முதலாக உலகுக்குத் தெரிந்ததே இந்த மலையிலிருந்துதான், 1952-இல், லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வழியாக. நிமோனியா என்று வருகிற இருளர் பையனுக்கு உள்ளே சிக்கிள் செல் இருந்தால் அவன் வேறு நோயாளி. டி57 என்று கோடு இருக்கிறது. வலி தாக்கிய நிலை, தாக்காத நிலை, நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர் என்று தனித்தனி இலக்கமும் இருக்கிறது. ஆனால் பழைய ஃபைலில் எழுதியது புதிய ஃபைலுக்கு வந்தால்தானே? ஒரே பெயரில் எங்களிடம் பதினேழு மாதன்கள் இருந்தார்கள். வயது கேட்டால் "அந்த யானை வந்த வருஷம்" என்பார்கள். ஒருவருக்கே மூன்று எண்கள், மூன்று ஃபைல்கள், அதில் ஒன்றில் மட்டும் சிக்கிள் செல். இப்போது ஒவ்வொருவருடைய மருத்துவப் பதிவுகளையும் இணைக்க ஆபா என்று பதினான்கு இலக்க எண் கொடுக்கிறார்கள், உதவும். ஆனால் அட்டையை மலையேறும்போது எடுத்துக்கொண்டு வரவேண்டுமே.

கோடுகளில் எனக்குப் பிடித்தது டபிள்யூ55, பாலூட்டி விலங்கு தாக்கியது. எங்கள் ஊரில் காட்டெருமைக்கும் யானைக்கும் அதே எண்தான். கடைசி இலக்கம் இடத்தைச் சொல்லும். தேயிலைக் காட்டில் முட்டினால் 7, ஃபேக்டரி வாசலில் முட்டினால் 6. காட்டெருமைக்கு இதெல்லாம் தெரியாது, எங்கே நின்றீர்கள் என்று நான்தான் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்.

போன மாதம் எனக்கே காய்ச்சல் வந்து அதே ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுத்தேன். சிறுநீர்த் தொற்று. போகும்போது சம்மரியைக் கையில் கொடுத்தார்கள். இப்போது அச்சடித்துத் தருகிறார்கள், மசி கரையாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மூன்று நாளும் வேளாவேளைக்கு இன்சுலின் குத்தினார்களே, சர்க்கரை நோய் என்று எங்கும் இல்லை. ட்யூட்டி டாக்டரைத் தேடிப் போய், "இதுல சுகர் விட்டுப்போச்சு தம்பி" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க இன்ஷூரன்ஸ்லேர்ந்து வர்றீங்களாம்மா?"

"இல்லப்பா, ஆறாம் நம்பர் பெட்" என்றேன்.